செந்நகரும் சொற்செல்வமும்

ஆற்றங்கரையில் தோன்றி வளர்ந்த நகரங்கள் உண்டு. கலங்களின் வரவால் கடற்கரையில் செழித்த நகரங்களும் உண்டு. பேராறும் கடலும் அணித்தே இல்லாத வறண்ட வெளியில், வாணிகத்தையே உயிராகக் கொண்டு ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாக நின்று நிலவும் நகரங்களோ மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் உள்ள மொராக்கோ நாட்டின் மராக்கேஷ் மாநகர். இந்நகரின் பெயரே திரிந்து ஐரோப்பிய மொழிகளில் அந்நாட்டிற்கே பெயராயிற்று என்றால், இதன் பழம்பெருமையை விரித்துரைக்கவும் வேண்டுமோ?

மராக்கேஷ், ஹவுஸ் என்னும் சமவெளியில் அமைந்துள்ளது. அதன் தெற்கே உயர் அட்லாஸ் மலைத்தொடர் நெடுமதில் போல் நிற்கிறது. அத்தொடரின் தூப்கால் சிகரம் 4,167 மீட்டர் உயரமுடையது. வட ஆப்பிரிக்கா முழுவதிலும் அதனினும் உயர்ந்த முடி இல்லை. குளிர்காலத்தில் அம்மலைமுடிகள் வெண்பனி போர்த்து விளங்கும். கீழே நகரத்துப் பேரீச்ச மரங்களோ இளவெயிலில் அசைந்து நிற்கும். பனியும் பேரீச்சையும் ஒரே பார்வையில் தோன்றும் அக்காட்சி காண்பார் கண்ணை விட்டு எளிதில் அகலாது.

மழை அருகிய அந்நிலத்தில் மாநகர் ஒன்று எவ்வாறு எழுந்தது? மக்கள் மலையடியில் ஊறிய நீரை மண்ணுக்குள்ளேயே வழிநடத்திக் கொண்டுவந்தனர். மலைச்சாரலில் ஆழ்ந்த கிணறு தோண்டி நீரோட்டத்தைக் கண்டறிவர். அங்கிருந்து ஊர் நோக்கி, மிக மெல்லிய சரிவுடன், ஆள் குனிந்து செல்லத்தக்க சுரங்கம் ஒன்றை அகழ்வர். மண்ணை வெளியேற்றவும், காற்று உட்புகவும், பின்னர் இறங்கித் தூர்வாரவும் இடையிடையே செங்குத்தான குழிகள் அமைப்பர். வெயில் உறிஞ்சாமல், காற்று வறட்டாமல், பல கிலோமீட்டர் தொலைவு நிலத்தடியே தானே நடந்து வரும் அந்நீர், ஊரை அடைந்ததும் வெளிச்சம் காணும். இந்நீர்வழிக்குக் கெத்தாரா என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புவிநூலறிஞர் அல் இத்ரீசி, உபைதுல்லா இப்னு யூனுஸ் என்னும் பொறியறிஞர் இம்முறையை மராக்கேஷில் அமைத்த செய்தியைத் தம் நூலில் குறித்துள்ளார். பின்னாளில் இத்தகைய சுரங்கங்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. நகரத்துத் தோட்டங்களும், பள்ளிவாயில்களின் தடாகங்களும், பேரீச்சந் தோப்பும் அவற்றால் தழைத்தன.

கி.பி. 1070 ஆம் ஆண்டை ஒட்டி அல்மொராவிதர் என்னும் அரச மரபினர் இந்நகருக்குக் கால்கோளிட்டனர். சகாராப் பாலையைக் கடந்து வந்த ஒட்டகச் சாத்துகள் இங்கு வந்து தங்கின. தெற்கேயிருந்து பொன்னும் தந்தமும் வந்தன. வடக்கேயிருந்து துணியும் செப்புக்கலங்களும் சென்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நகரைச் சுற்றி மதில் எழுந்தது. செம்மண்ணைச் சுண்ணாம்புடன் கலந்து, பலகைகளுக்கு இடையே கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிக் கட்டிய மதில் அது. காலையில் இளஞ்சிவப்பாகவும் மாலையில் எரியும் தழல் போலவும் அது தோன்றும். இன்றும் வீடுகளுக்கு அச்செந்நிறமே பூசப்படுகிறது. ஆதலின் இதனைச் செந்நகர் என்று வழங்குவர்.

இச்செந்நகரைக் காணப் பயணி ஒருவர் குளிர்காலத்து நாள் ஒன்றில் வந்து சேர்ந்தார். அவருக்கு இருந்தது ஒரு பகலும் ஓர் இரவுமே. மறுநாட் காலையில் வானூர்தி ஏறியாக வேண்டும். அந்நகரின் மொழியும் அவர் அறியார். ஆதலின் பல்கலைக்கழக மாணவன் ஒருவனை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டு, பொழுது புலர்ந்ததும் புறப்பட்டார்.

முதலில் அவர் கண்ணிற் பட்டது குத்துபிய்யா பள்ளிவாயிலின் கோபுரம். உச்சிக் கலசம் உட்பட ஏறத்தாழ 77 மீட்டர் உயரமுடைய அக்கோபுரம், அல்மோஹதர் என்னும் அடுத்த மரபினரால் பன்னிரண்டாம் நூற்றாண்டில் எழுப்பப்பெற்றது. ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரின் புகழ்பெற்ற கோபுரமும் இதே மரபில் எழுந்ததே. பிற சமயத்தார் உட்புகும் வழக்கம் அங்கு இல்லை. ஆதலின் பயணி புறத்தே நின்று அதன் செதுக்குப் பணிகளை அண்ணாந்து நோக்கினார்.

“குத்துபிய்யா என்னும் பெயருக்குப் பொருள் என்ன, தம்பி?” என்று அவர் வினவினார்.

“புத்தக வாணிகர் பள்ளிவாயில் என்பது பொருள், ஐயா. முற்காலத்தில் இதனைச் சூழ்ந்து ஏட்டுப்படிகள் விற்கும் கடைகள் நிறைந்திருந்தன” என்றான் மாணவன்.

வெற்றி வேந்தர் பெயரையோ செல்வர் பெயரையோ தாங்காமல், நூல் விற்றோர் பெயரைத் தாங்கி நகரின் தலையாய கோபுரம் நிற்கிறது! சந்தை நகரம் ஒன்று எதனைப் பெருஞ்சரக்காக மதித்தது என்பதை அப்பெயரே உணர்த்துகிறதன்றோ?

பின்னர் இருவரும் சந்தைத் தெருக்களுள் நுழைந்தனர். அவை தெருக்கள் என்பதினும் கிளைத்துப் பிரியும் சந்துகள் என்பதே பொருந்தும். மேலே நாணற் பந்தல் இட்டிருந்தமையால், வெயில் கீற்றுக் கீற்றாகப் பிளந்து தரையில் விழுந்தது. பொதி சுமந்த கழுதைகளை ஓட்டுவோர், “பாலாக், பாலாக்” என்று கூவினர். ‘வழிவிடுக’ என்பது அதன் கருத்து. கழுதைக்கு ஒதுங்கிய பயணி, மறுகணமே எதிர்ப்பட்ட இருசக்கர ஊர்தி ஒன்றுக்கும் ஒதுங்க வேண்டியதாயிற்று. பழமையும் புதுமையும் அச்சந்துகளில் தோளோடு தோள் உரசிச் செல்கின்றன.

ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு தெரு உண்டு. சாயக்காரர் தெருவில், நனைந்த கம்பளி நூற்கழிகள் செம்மை, மஞ்சள், நீலம் என மூங்கிற் கழிகளில் தொங்கி, நடப்போர் தலைக்கு மேல் வண்ணப் பந்தலிட்டிருந்தன. கொல்லர் தெருவில் சம்மட்டி ஓசையும் உலைப்பொறியும் ஓயவில்லை. மரக் கடைசல் செய்யும் முதியவர் ஒருவர், தரையில் அமர்ந்து, வலக்கையால் வில்லை இழுத்து மரத்தைச் சுழற்றினார். இடக்கையும் காற்பெருவிரலும் உளியைப் பற்றியிருந்தன. கண் மூடித் திறப்பதற்குள் சிறு மரக் கிண்ணம் ஒன்று உருப்பெற்றது. நகரின் கிழக்கு வாயில் ஒன்றன் அருகே தோல் பதனிடுவோர் தொட்டிகள் உள்ளன. சுண்ணாம்பு நீரிலும் புறாவின் எச்சம் கரைத்த நீரிலும் தோலை ஊறவைத்துப் பதப்படுத்தும் பழைய முறை அங்கு இன்றும் கையாளப்படுகிறது. அந்நாற்றத்தைப் பொறுக்கமாட்டாத வருகையாளர் கையில் புதினாக் கொத்து ஒன்றைத் திணிப்பர். அதனை மூக்கில் வைத்துக்கொண்டே, நாள் முழுதும் முழங்கால் அளவு நீரில் நின்று உழைக்கும் தொழிலாளரைப் பயணி கண்டார். கடையில் மின்னும் காலணியின் அழகுக்குப் பின்னால் உள்ள உழைப்பு அவருக்கு அப்பொழுதுதான் புலனாயிற்று.

ராபா கதீமா என்னும் சிறு சதுக்கத்தில் நறுமணப் பொருள்கள் குவிந்திருந்தன. அந்நாட்டிலேயே விளையும் குங்குமப்பூவும் சீரகமும் ஒருபுறம். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட மிளகும் இலவங்கப்பட்டையும் மறுபுறம். அவ்விடத்திற்கு அணித்தே கம்பள வாணிகர் கூடும் முற்றம் ஒன்று உண்டு. அதனைக் காட்டிய மாணவனின் குரல் தாழ்ந்தது.

“ஐயா, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இங்கே விற்கப்பட்டது கம்பளம் அன்று, மனிதர்கள். பாலைக்கு அப்பாலிருந்து பிடித்து வரப்பட்ட ஆடவரையும் பெண்டிரையும் குழந்தைகளையும் இம்முற்றத்தில் நிறுத்தி விலை கூறினர்.”

பயணி நெடுநேரம் வாய் திறந்திலர். பொன் சுமந்து வந்த அதே வழியே மனிதரும் கட்டுண்டு வந்தனர் என்பதை மறைத்துவிட்டு அந்நகரின் வாணிகப் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையாகாது. எல்லாவற்றுக்கும் விலை வைக்கும் சந்தை, விலை வைக்கலாகாத பொருளும் உண்டு என்பதை மிகக் காலந் தாழ்த்தே கற்றது.

நண்பகலில் ஒரு காலணிக் கடை முன் பயணியின் கால்கள் நின்றன. மஞ்சள் நிறத் தோலால் செய்த, குதிகால் மறைப்பில்லாத காலணிகள் அடுக்கடுக்காய் இருந்தன. விலை எழுதிய சீட்டு எதிலும் இல்லை. கடைக்காரர் முகமலர்ந்து, “வருக, ஐயா! வாங்குவதும் விடுவதும் பின்னர் ஆகட்டும், முதலில் தேநீர் அருந்துங்கள்” என்றார். சீனத்துப் பச்சைத் தேயிலையும் புதினாவும் சர்க்கரையும் கொதித்த நீரை, கெண்டியை உயரத் தூக்கிச் சிறு கண்ணாடிக் குவளையில் நுரை பொங்க வார்த்தார்.

“வாங்காமல் எழுந்து சென்றால் வருந்தமாட்டீரோ?” என்று மாணவன் வாயிலாகக் கேட்டார் பயணி.

“வாங்கினால் வாணிகம், வாங்காவிடில் விருந்து. இரண்டும் எங்கள் தொழிலே” என்றார் கடைக்காரர்.

பின்பு விலை பேசலாயினர். அவர் ஒன்று சொல்ல, இவர் அதிற் பாதி சொல்ல, அவர் தம் தோலின் மென்மையையும் தையலின் நேர்த்தியையும் எடுத்துரைக்க, இவர் தம் பையின் மெலிவைக் கூற, இருவரும் நகைத்து நடுவில் ஓரிடத்தில் வந்து நின்றனர். வழிகாட்டுவதாகச் சொல்லி அலைக்கழித்துப் பணம் பறிப்போர், பொய்ச்சரக்கை மெய்ச்சரக்கு என்போர் எச்சந்தையிலும் உண்டு. இச்சந்தையும் அதற்கு விலக்கன்று. எனினும் இங்கு விலை என்பது பொருளின்மேல் ஒட்டிய எண் அன்று. இருவர் கூடிப் பேசிக் கண்டடையும் உடன்பாடு. பொருளை விற்குமுன் சொல்லை அளந்து கொடுக்கும் பழக்கம் அம்மக்களுக்கு இயல்பாக உள்ளது.

பிற்பகலில் இப்னு யூசுப் கல்விச்சாலையைக் கண்டனர். 1564–65 ஆம் ஆண்டுகளில் சாதிய மரபு மன்னர் அப்துல்லா அல் காலிப் காலத்தில் எழுந்த கட்டடம் அது. நடுவே நீர்த்தடாகம், சுற்றிலும் ஓட்டுச்சில்லு வேலைப்பாடும் செதுக்கிய தேவதாரு மரமும், மேலே மாணவர் தங்கிப் பயின்ற ஏறத்தாழ 130 சிற்றறைகள். ஓர் அறையில் பாய் ஒன்று விரித்தால் நடக்க இடமில்லை. தொலைமலைகளிலிருந்து வந்த இளைஞர்கள் அச்சிற்றறைகளில் தங்கி, ஆசிரியர் வாய்மொழியைக் கேட்டு மனத்திற் பதித்துக் கல்வி பெற்றனர்.

பொழுது சாய்ந்தது. மாணவன் பயணியை ஜெமா எல் பனா என்னும் திடலுக்கு அழைத்துச் சென்றான். நகரின் நடுவே பரந்து கிடக்கும் வெளி அது. பகலில் நாரங்கச் சாறு விற்போரும், மூலிகை விற்போரும், செவ்வுடையும் அகன்ற தொப்பியும் அணிந்து பித்தளைக் கிண்ணங்கள் ஒலிக்க வரும் தண்ணீர்க்காரரும் அங்கே உலவுவர். சங்கிலியிட்ட குரங்குகளையும் கூடையில் அடைத்த நாகங்களையும் காட்டிப் பொருள் ஈட்டுவோரும் உளர். அவ்வுயிர்களின் நிலை இரக்கம் உடையார் நெஞ்சை வருத்தும். கதிரவன் மறைந்ததும் நூற்றுக்கு மேற்பட்ட உணவுக் கடைகள் விளக்கேற்றி எழும். சுட்ட இறைச்சியின் புகையும், கொண்டைக்கடலைச் சாற்றின் மணமும், முரசின் ஒலியும் ஒன்றாய்க் கலந்து வானை நோக்கி எழும்.

அவ்வொலிகளுக்கு அப்பால், விளக்கு மங்கிய ஒரு மூலையில், முதியவர் ஒருவர் தம் கைத்தடியால் தரையில் வட்டம் ஒன்று வரைந்தார். நடுவில் நின்று இரு கைகளையும் தட்டினார். ஒருவர் இருவராக மக்கள் வந்து வட்டத்தைச் சூழ்ந்தனர். இவ்வட்டத்திற்கு ஹல்கா என்று பெயர். அம்முதியவர் கதைசொல்லி. மேடை இல்லை, திரை இல்லை, கருவி இல்லை. அவர்க்குத் துணை நாவும் நினைவுமே. அவர் காலடியில் பத்து அல்லது பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் தகரக் குவளையுடன் அமர்ந்திருந்தான்.

முதியவர் தொடங்கினார். மாணவன் பயணியின் செவியருகே மெல்ல மொழிபெயர்த்து வந்தான். நீர் வற்றிய சிற்றூர் ஒன்றில் கெத்தாரா அகழ்வோன் ஒருவன் இருந்தானாம். ஊரைக் காக்க அவன் மலையடியிலிருந்து தோண்டிவர, அவன் மகன் ஊர்ப்புறத்திலிருந்து தோண்டிச் சென்றானாம். இருவரும் மண்ணுக்குள், ஒருவரை ஒருவர் காணார். மண்வெட்டியின் ஓசை ஒன்றே வழிகாட்டி. நாளுக்கு நாள் அவ்வோசை நெருங்கி வந்தது. ஓர் இரவு, இன்னும் ஒரு சாண் மண்ணே இடையில் இருக்கும் என மகன் எண்ணியபோது, தந்தையின் வெட்டோசை நின்றது. அமைதி. பின்பு மண்ணுக்கு அப்பாலிருந்து தந்தையின் குரல் கேட்டது: “மகனே, இனி ஒரு வெட்டும் வெட்டாதே!”

கதைசொல்லியும் அங்கே நிறுத்தினார்! தடியைத் தரையில் ஊன்றினார். வட்டத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. சிறுவன் எழுந்து குவளையை ஏந்தி வந்தான், காசுகள் விழுந்தன. “எஞ்சிய கதை நாளை இதே வேளையில்” என்று சொல்லி முதியவர் தம் மேலங்கியை இழுத்துப் போர்த்துக்கொண்டார்.

“தந்தை ஏன் தடுத்தான், தம்பி? முடிவு உனக்குத் தெரியுமா?” என்று பரபரப்புடன் கேட்டார் பயணி.

“தெரியாது, ஐயா. இக்கதை எந்த நூலிலும் இல்லை. நாளை வந்தால் கேட்கலாம்” என்றான் மாணவன்.

நாளை மாலை பயணி அந்நாட்டிலேயே இரார். ஒரு பகலும் ஓர் இரவும் கொண்டு ஒரு நகரைக் கண்டுவிடலாம் என்று வந்தவருக்கு, அந்நகரம் கண்ணாற் காணத்தக்கது மட்டும் அன்று, இருந்து கேட்கத்தக்கது என்பது அப்பொழுது விளங்கிற்று. எலியாஸ் கானெட்டி என்னும் எழுத்தாளர் 1954 ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து சில வாரம் தங்கினார். பின்னாளில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்ற அவரும் இம்மக்களின் மொழியை அறியாதவரே. எனினும் கதைசொல்லிகளின் வட்டத்தில் நின்று அவர்தம் குரலின் ஏற்ற இறக்கங்களைக் கேட்டு மகிழ்ந்து, அவ்வனுபவத்தை நூலாக எழுதினார். பொருள் விளங்காதவரையும் பிணிக்கும் ஆற்றல் அக்குரல்களுக்கு இருந்தது.

அவருக்கு அறுநூறு ஆண்டுகள் முற்பட்டே, உலகம் சுற்றிய இப்னு பதூதா இந்நகரைக் கண்டார். 1304 ஆம் ஆண்டில் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்த அவர், இந்தியாவிலும் இலங்கையிலும் உலவி, மதுரையில் சுல்தான்கள் ஆண்ட காலத்தில் அந்நகரையும் கண்டவர். இருபத்தைந்து ஆண்டுக்காலம் அலைந்து தாய்நாடு மீண்டபின் மராக்கேஷுக்கு வந்தார். நகரின் பெரும்பகுதி அக்காலத்தில் பாழ்பட்டுக் கிடந்ததை அவர் மறைக்காமல் குறித்துள்ளார். அவர் தம் பயணத்தைத் தாமே எழுதினாரல்லர். பெஸ் நகரில் அமர்ந்து வாயாற் சொல்ல, இப்னு ஜுஸை என்னும் அறிஞர் எழுதினார். 1355 ஆம் ஆண்டில் அந்நூல் நிறைவெய்தியது. கேட்டு எழுத ஒருவர் இருந்தமையால் அன்றோ, பதினான்காம் நூற்றாண்டின் மதுரையை அவர் கண்கொண்டு இன்றும் காண இயலுகிறது? கேட்பார் இல்லையாயின் அச்சொற்கள் அவரோடு மறைந்திருக்கும்.

ஜெமா எல் பனாவின் சொற்களுக்கும் அவ்வச்சம் நேர்ந்தது. 1922 ஆம் ஆண்டு முதலே அத்திடல் நாட்டின் கலைச்செல்வமாகக் காக்கப்பட்டு வந்தது. எனினும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், அதன் அருகே உயர்ந்த கட்டடமும் நிலத்தடி ஊர்தி நிறுத்தமும் எழுப்பும் எண்ணம் தலைதூக்கியது. அந்நகரில் வாழ்ந்த ஸ்பெயின் நாட்டு எழுத்தாளர் ஹுவான் கொய்திசோலோ அதனை எதிர்த்து எழுந்தார். கல்லால் ஆன கோயிலையும் கோட்டையையும் காப்பதற்கு உலகில் விதிகள் உள. காற்றில் எழுந்து காற்றில் மறையும் கதையையும் பாடலையும் காப்பதற்கு விதி யாது? இவ்வினா 1997 ஆம் ஆண்டில் மராக்கேஷில் கூடிய அறிஞர் அவையில் ஆராயப்பெற்றது. அதன் பயனாக, 2001 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ எனப்படும் உலகப் பண்பாட்டு அமைப்பு, மனிதகுலத்தின் வாய்மொழிச் செல்வங்கள் எனப் பத்தொன்பதை முதன்முறையாக அறிவித்தது. ஜெமா எல் பனா அவற்றுள் ஒன்று. கேரளத்தின் கூடியாட்டமும் அப்பத்தொன்பதனுள் ஒன்றாகும். ஒரு திடலுக்காக எழுந்த குரல் உலகெங்கும் உள்ள வாய்மொழிக் கலைகளுக்கு அரணாயிற்று.

ஆயினும் பட்டியலில் பெயர் ஏறியதாலேயே கலை பிழைத்துவிடாது. முன்னாளில் பல வட்டங்கள் கூடிய அத்திடலில் இன்று கதைசொல்லியைக் காண்பதே அரிது. ஒலிபெருக்கிகளின் முழக்கம் மெல்லிய குரலை விழுங்குகிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் கேட்போரை ஈர்த்துக்கொள்கின்றன. கூட்டத்தில் பெரும்பாலோர் மொழியறியாத வருகையாளர்; அவர்கள் படம் எடுத்துக்கொண்டு அகன்றுவிடுகின்றனர். நம்பிக்கைக்கும் இடமில்லாமல் இல்லை. இளைஞர் சிலர் முதிய கதைசொல்லிகளிடம் பாடம் கேட்டுத் தேநீர்க் கடைகளில் கதை சொல்கின்றனர். 2022 ஆம் ஆண்டில் அனைத்துலகக் கதைசொல்லும் விழா ஒன்றும் இந்நகரில் தொடங்கப்பட்டது.

திடல் கதைக்கு மட்டும் உரியதன்று என்பதை 2023 ஆம் ஆண்டு செப்டம்பர் 8 ஆம் நாள் இரவு உணர்த்தியது. அட்லாஸ் மலைப்பகுதியில் 6.8 அளவுள்ள நிலநடுக்கம் நிகழ்ந்தது. மலைச்சிற்றூர்கள் பல மண்மேடாயின. 2,900க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மராக்கேஷின் பழமதிலும் பிளவுற்றது. திடலோரப் பள்ளிவாயிலின் சிறு கோபுரம் ஒன்றும் சரிந்தது. வீட்டுக்குள் உறங்க அஞ்சிய மக்கள், குழந்தைகளையும் முதியோரையும் தாங்கிக்கொண்டு அத்திடலுக்கே வந்து வானத்தின் கீழ்ப் படுத்தனர். கட்டடம் எழுப்பாமல் வெறுவெளியாகவே காக்கப்பெற்ற இடம், அவ்விரவில் ஊருக்கெல்லாம் ஒரே கூரையாயிற்று.

வாணிகத்தாற் புகழ்பெற்ற இந்நகரிலேயே, உலக வணிக அமைப்பு தோன்றுவதற்கான உடன்படிக்கை 1994 ஆம் ஆண்டில் கையெழுத்தாயிற்று. அதனைப் பலர் அறிவர். 2013 ஆம் ஆண்டில் இங்கே நிறைவேறிய மற்றோர் உடன்படிக்கையை அறிந்தோர் சிலரே. பார்வையற்றோர்க்குப் பயன்படும் வடிவில், கேட்கவும் விரலால் தடவிப் படிக்கவும் ஏற்றவாறு நூல்களை ஆக்கி, நாட்டுக்கு நாடு வழங்க வழிசெய்யும் உடன்படிக்கை அது. அதனை முதன்முதலாக உறுதிப்படுத்திய நாடு இந்தியாவே. புத்தக வாணிகர் பெயரில் கோபுரம் உடைய நகரம், கண்ணில்லாதார்க்கும் புத்தகத்தைத் திறந்துவைத்த உடன்படிக்கைக்குத் தன் பெயரை ஈந்தது எத்துணைப் பொருத்தம்!

மறுநாட் காலையில் மாணவன் பயணியை வழியனுப்ப வந்தான். “கதையின் முடிவை எழுதி அனுப்புவாயா, தம்பி?” என்றார் பயணி. “இன்று மாலை கட்டாயம் செல்வேன், ஐயா. இதுவரை நானும் நின்று முழுக்கக் கேட்டதில்லை” என்றான் அவன். சற்றே நாணமும் அவன் முகத்தில் தோன்றியது.

வானூர்தி மேலெழுந்தது. செம்மதிலும் கோபுரமும் சிறுத்தன. அப்பொழுது சமவெளியில், எறும்பு வளைகளைப் போல, வட்டக் குழிகள் வரிசை வரிசையாய் மலையடியிலிருந்து நகர் நோக்கி வருவதைப் பயணி கண்டார். அவை பழைய கெத்தாராக்களின் வாய்கள். பொறியால் நீர் இறைக்கும் ஆழ்கிணறுகள் பெருகவே, நிலத்தடி நீர் தாழ்ந்தது, தூர்வாருவோரும் குறைந்தனர், சுரங்கங்கள் பல வறண்டு தூர்ந்தன. ஒரு தலைமுறை இறங்கித் தூர்வாரத் தவறினால், பல தலைமுறையினர் அகழ்ந்த வழி அடைபடுகிறது.

சொல்லும் அத்தகையதே. அதுவும் தொலைவிலிருந்து, கண்ணுக்குத் தெரியாத வழியே, முன்னோரிடமிருந்து நடந்து வருவது. கேட்பதே அதன் தூர்வாருதல். கேட்டதை நினைவிற்கொண்டு மற்றொருவர்க்குச் சொல்வதே அதன் பாய்ச்சல். எந்நாட்டுக்கும் எவ்வூருக்கும் இது பொருந்தும்.

முந்தைய இரவில் முதியவர் கதை சொல்லும்போது, காலடியில் அமர்ந்திருந்த அச்சிறுவன் கூட்டத்தை நோக்கவில்லை, குவளையையும் நோக்கவில்லை. முதியவர் வாயையே நோக்கி, அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் ஒலியின்றித் தன் உதடுகளால் சொல்லிக்கொண்டிருந்தான். அதனை நினைந்த பயணியின் நெஞ்சில் கவலை சிறிது தணிந்தது.